முப்பத்தொன்றாம் பக்கத்துக்கு ஒரு திருத்தம்

போன மாதம் நம் பழைய ஜெபக்குழுப் பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழுவில் உங்களில் ஒருவர் ஒரு படம் போட்டீர்கள். பச்சை அட்டை, சுருள் கம்பி, எண்ணெய்க் கறை. நியூ ஜெர்சியில் நம் பங்குக் கோயில் ஹாலின் ஹீட்டரைப் பழுது பார்ப்பதற்காக 2003 கிறிஸ்துமஸுக்கு அச்சடித்து விற்ற சமையல் புத்தகம். திறந்திருந்தது முப்பத்தொன்றாம் பக்கம். கீழே நீங்கள் எழுதியிருந்தது: "ஜெபக்குழு ஆன்ட்டியோட கொய்யா பேஸ்ட்ரி ஞாபகம் இருக்கா? எப்பப் பண்ணாலும் ஒழுகுமே!" அதற்குப் பதினேழு பேர் சிரித்திருந்தீர்கள்.

நான் சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமை ஜெபமாலையின் மூன்றாம் பத்து முடிவதற்குள் உங்களோடு ஒரே கம்பளத்தில் தூங்கிப் போனவள் நான். முப்பத்தைந்து இப்போது நம் எல்லோருக்கும் எட்டும் தூரத்தில் நிற்கிறது. பன்னிரண்டு ஆண்டுகளாகச் சென்னையில் ஒரு நாளிதழில் பிறர் செய்த பிழைகளைத் திருத்துவது என் பிழைப்பு. அமைச்சர்களுக்கும் ஆடிட்டர்களுக்கும் நான்கு வரித் திருத்தம் போட்டிருக்கிறேன். உங்கள் படத்தில் இருக்கும் பக்கத்தில் இரண்டு பிழைகள் இருக்கின்றன. இரண்டையும் செய்தது நான். என் பன்னிரண்டாவது வயதில், அப்பாவின் கம்ப்யூட்டரில், ஒரே மாலையில்.

ஜர்னல் ஸ்கொயர் ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில் ஒரு மரவீட்டின் கீழ்த்தளத்தில் குடியிருந்தோம். மேல்தளத்தில் இருந்தவரை நான் மாடி ஆன்ட்டி என்று அழைத்தேன். கியூபாவில் பிறந்து, சின்ன வயதிலேயே பெற்றோரோடு விமானம் ஏறி வந்தவர். ஸ்கூல் பஸ் ஓட்டினார். வீட்டுப் படியிலும் பஸ் ஓட்டுகிறவர் போலவே கத்துவார். அந்த நவம்பரில் இரண்டு ஞாயிறுகள் அடுத்தடுத்து, மாலை நான்கு மணி வாக்கில், மாடியில் புகை அலாரம் அடித்தது. மூன்றாவது ஞாயிறு அடித்தபோது அம்மா ஈரத்துண்டோடு படியேறிப் போனாள். பின்னாலேயே நானும்.

ஓவன் அடுப்பிலிருந்து எடுத்த தட்டில் சதுரச் சதுரமாக ஏதோ மாவுப் பண்டம். ஒவ்வொன்றின் வயிறும் திறந்து, சிவப்பாக எதுவோ வழிந்து, தட்டோடு ஒட்டிக் கருகியிருந்தது. கரிந்த சர்க்கரை நாற்றத்துக்கு அடியில் இன்னொரு வாசனை. அம்மா குனிந்து மோந்து பார்த்தாள்.

"ஏட்டி, இது கொய்யாப் பழம்லா!"

மாடி ஆன்ட்டி ஜன்னலைத் தூக்கிவிட்டுச் சொன்னார் (அவர் பேசியது ஆங்கிலம், நான் தமிழில் எழுதுகிறேன்): "பாஸ்தெலீத்தோ. கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி இது இல்லாம எங்க வீட்டுல மேஜை போட மாட்டோம். எங்க அம்மா செய்வாங்க. போன வருஷம் போயிட்டாங்க. ஒரு வரி எழுதி வைக்கல. எனக்குத் தெரிஞ்சது சாப்பிடறது மட்டும்தான்."

கடையில் வாங்கிய உறைந்த மாவுத் தாள்களைத்தான் அவர் மூன்று வாரமாகக் கருக்கிக்கொண்டிருந்தார். கொய்யா, செங்கல் போல அட்டைப் பெட்டியில் வரும். கத்தியால் அறுக்க வேண்டும், அவ்வளவு இறுக்கம். அம்மா ஒரு துண்டை வாயில் போட்டுவிட்டு, "இனிப்பு போதும் போதும்னு இருக்கு. எலுமிச்சம்பழம் பிழியணும்" என்றாள். பிறகு கீழே போய், டிரங்குப் பெட்டியிலிருந்து பித்தளைச் சோமாசிக் கரண்டியை எடுத்து வந்தாள். ஒரு முனையில் கரண்டி, மறு முனையில் பல் வைத்த சின்னச் சக்கரம். உருட்டினால் மாவின் ஓரம் அலையலையாக வெட்டுப்படும். தூத்துக்குடியில் கிறிஸ்துமஸுக்குச் சோமாசி செய்யாத வீடு எங்கள் தெருவில் கிடையாது. பூரணம் தேங்காய்க்குப் பதில் கொய்யா, எண்ணெய்க்குப் பதில் அடுப்பு. அம்மாவுக்கு அது ஒரு வேற்றுமையாகவே படவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அம்மா தூத்துக்குடியில் ஒரு பெண்கள் பள்ளியில் பதினோரு ஆண்டு இயற்பியல் சொல்லிக் கொடுத்தவள். அமெரிக்காவில் அவளுக்குக் கொடுக்கப்பட்ட பெயர் 'டிபென்டன்ட்', கணவரைச் சார்ந்திருப்பவர். கணவரின் வேலை விசாவோடு ஒட்டி வரும் எச்-ஃபோர் விசாவில் இருப்பவர் வேலை பார்க்கக் கூடாது. என் அறிவியல் பாடப் புத்தகத்தை நான் பள்ளியில் தொடங்கும் முன்னே அவள் முழுவதும் படித்துவிட்டிருந்தாள். அதில் இருந்த பிழைகளைப் பென்சிலால் ஓரத்தில் குறித்தும் வைத்திருந்தாள்.

அடுத்த ஞாயிறு காலையிலேயே மாடிக்குப் போய் அம்மா மாவு பிசைந்தாள். மெல்லிசாகத் தேய்த்த வட்டங்களுக்கு நடுவே நெய்யில் குழைத்த அரிசி மாவைப் பூசி அடுக்கி, சுருட்டி, வெட்டி, மறுபடி தேய்த்தாள். மாடி ஆன்ட்டியின் அம்மா பன்றிக் கொழுப்பு போடுவாராம். நாங்கள் கத்தோலிக்கர்கள், அதில் தயக்கமில்லை. ஆனால் கைக்குக் கிடைத்தது நெய். அரைநிலா வடிவில் மடித்து, ஓரத்தை விரலால் முறுக்கி வைத்தாள். சுட்டபோது பாதி ஒழுகியது. இன்னும் சுடாத மீதியை வைக்க மாடி ஆன்ட்டியின் ஃப்ரிட்ஜில் இடமில்லை. தேங்க்ஸ்கிவிங் வான்கோழி முழுசாக உட்கார்ந்திருந்தது. தட்டைத் துணி போட்டு மூடி, ஜன்னலுக்கு வெளியே இரும்புப் படிக்கட்டில் வைத்தார்கள். அதற்குள் தூத்துக்குடியிலிருந்து பெரியம்மாவின் போன். ஒரு மணி நேரம் கழித்துத்தான் தட்டு ஞாபகத்துக்கு வந்தது. மாவு கல்லாக விறைத்திருந்தது. "போச்சு" என்று மாடி ஆன்ட்டி அப்படியே அடுப்பில் தள்ளினார்.

அந்தத் தட்டில் ஒன்றுகூட ஒழுகவில்லை.

அம்மா அடுப்புக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து யோசித்தது எனக்கு நினைவிருக்கிறது. மறு ஞாயிறு அவள் சோதனை வைத்தாள். ஒரே மாவு, ஒரே பழம், ஒரே அடுப்பு. ஒரு தட்டு மேஜையில், ஒரு தட்டு வெளிக்குளிரில். "வேற எதையும் மாத்தக் கூடாது. மாத்தினா எது காரணம்னு தெரியாது" என்று எனக்கும் மாடி ஆன்ட்டிக்கும் சேர்த்து ஆங்கிலத்தில் சொன்னாள். அவளுடைய ஆங்கிலம் பாடப் புத்தக ஆங்கிலம். அன்று அது தடுமாறவில்லை. குளிர்ந்த தட்டு அடுக்கடுக்காக உப்பி வந்தது. மேஜைத் தட்டு வாய் பிளந்தது.

"நெய் உருகுறதுக்கு முந்தி மாவு வெந்துரணும். அவ்வளவுதான் விஷயம்."

மாடி ஆன்ட்டி ஒன்றைக் கடித்தார். மயாமியில் இருந்த தன் தம்பிக்குப் போன் போட்டு, வாயை ரிசீவருக்கு அருகில் கொண்டுபோய் இன்னொரு கடி கடித்தார். கரக்கென்று சத்தம். "கேட்டுதா?" என்று கத்தினார். "கேட்டுதாடா? அம்மாவோடது!" அந்தப் பக்கம் தம்பி என்ன சொன்னாரோ, இவர் கையில் கரண்டியோடு அழுதார்.

சமையல் புத்தகத்துக்குக் குறிப்பு கேட்டுக் கோயிலில் படிவம் கொடுத்தபோது, மாடி ஆன்ட்டிதான் அதை வாங்கி வந்தார். ஒவ்வொரு குறிப்புக்கும் கீழே 'இன்னாரின் சமையலறையிலிருந்து' என்று பெயர் வரும். "ரெண்டு பேர் பெயரும் போடணும். கொய்யா என்னோடது, மாவு உன்னோடது" என்றார். அம்மா சொல்லச் சொல்ல நான் கம்ப்யூட்டரில் ஆங்கிலத்தில் அடித்தேன். குளிர வைக்கும் வரிக்கு வந்தபோது அம்மா நிறுத்தி, அதற்கான காரணத்தையும் அடிக்கச் சொன்னாள். கடைசியில் தன் பெயரைச் சொன்னாள்.

"முழுசா அடி. மிஸஸ் போடாதே. பேரை மட்டும் போடு."

அடித்தேன். அம்மா திரையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அமெரிக்கா வந்த மூன்று ஆண்டுகளில் விசாத் தாள், மருத்துவ அட்டை தவிர வேறெங்கும் அவள் பெயர் அச்செழுத்தில் வந்ததில்லை.

அப்பா மன்ஹாட்டனில் ஒரு வங்கியில் கான்ட்ராக்ட் வேலை பார்த்தார். அன்று மாலை ரயிலிறங்கி வந்தவர், கோட்டைக் கழற்றாமலே திரையைப் படித்தார்.

"பேர் எதுக்கு?"

"எல்லார் பேரும்தான் வருதுங்க."

"புக்கு விலைக்கு விக்கிறாங்கல்ல? நம்ம கிரீன் கார்டு ஃபைல் ஓடிட்டு இருக்கு, இப்பப் போய்..."

அவர் போனை எடுத்து ஜெபக்குழு அங்கிளை, அந்த ஜெபக்குழு ஆன்ட்டியின் கணவரை, அழைத்தார். உங்களுக்கு அவரை நினைவிருக்கும். இன்ஷூரன்ஸ் விற்றார், இமிக்ரேஷன் ஆலோசனை இலவசமாகக் கொடுத்தார். புத்தகக் குழுவில் தமிழர்களின் பிரதிநிதியும் அவரே. ஸ்பீக்கரில் அவர் குரல் எங்கள் வரவேற்பறை முழுவதும் உட்கார்ந்தது.

"தம்பி, விக்கிற புக்குல பேர் வந்தா அது வொர்க். எச்-ஃபோர்ல வொர்க் பண்ணக் கூடாது. நாளைக்கு ஃபைலை ஓபன் பண்றவன் பேரை கூகுள் பண்ணுவான். எதுக்கு ரிஸ்க்?"

அம்மா போனுக்கு எட்டாத குரலில் அப்பாவைக் கேட்டாள்: "சோமாசி மடிக்கிறது வேலையா? தினம் உங்களுக்கு இட்லி அவிக்கேனே, அதுக்கும் பெர்மிட் வாங்கணுமா?"

"இங்க பாரு, சும்மா இரு."

"நான் ஒண்ணு சொல்றேன்," என்றது ஸ்பீக்கர். "ரெசிபி வேஸ்ட் ஆக வேண்டாம். என் வைஃப் பேரைப் போட்டுக்கலாம். அவ சிட்டிசன். சேஃப்."

"நோ பா," என்றேன் நான். "இட்ஸ் ஜஸ்ட் எ ரெசிபி."

"டிலீட் பண்ணு."

அப்பாவுக்கு நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். நியூயார்க்கில் இரட்டைக் கோபுரங்கள் விழுந்த பிறகு அவர் ரயிலில் தமிழ்ப் பத்திரிகை விரிப்பதை நிறுத்தியிருந்தார். பக்கத்து மேஜைக்காரரின் விசா நின்று போய், அவர் குடும்பத்தோடு ஊருக்குத் திரும்பியதைப் பார்த்திருந்தார். பயம் உண்மை. ஆனால் அந்தப் பயத்துக்குக் கொடுக்க அவர் தன்னிடமிருந்து எதையும் எடுக்கவில்லை. அம்மாவிடமிருந்து எடுத்தார். அந்த அறையில் அது யாருக்கும் தெரியவில்லை என்று என்னை நம்பச் சொல்லாதீர்கள். அம்மாவுக்குத் தெரிந்தது. எனக்கும் தெரிந்தது. ஆனாலும் நான் அழிக்கும் விசையை அழுத்தினேன், எழுத்து எழுத்தாக. பிறகு மாடி ஆன்ட்டியின் பெயருக்குப் பக்கத்தில் அவர்கள் சொன்ன பெயரை அடித்தேன்.

அப்பா குளிக்கப் போனதும் அம்மா என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"ஏட்டி. இன்னொரு வரியும் எடு."

"எது?"

"குளிர வைக்கிறது."

"அப்போ சரியா வராதே மா."

"வராது."

எடுத்தேன். குறிப்பைப் பதிந்த ஃப்ளாப்பி வட்டை அப்பா மறுநாள் அங்கிளிடம் கொடுத்தார்.

புத்தகம் வந்த அன்று மாடி ஆன்ட்டி படிகளில் பஸ்ஸை இறக்குவது போல இறங்கி வந்தார். பக்கத்தை அப்பாவின் முகத்துக்கு நேரே பிடித்தார். "யார் இந்த அம்மா? இவங்க என் வீட்டுக்கு எப்போ வந்தாங்க?"

அப்பா இமிக்ரேஷன் என்றார், டிபென்டன்ட் என்றார், பின்னாளில் பிரச்சினை வரலாம் என்றார்.

"எங்க அப்பா கியூபாவுல இன்ஜினியர்," என்றார் மாடி ஆன்ட்டி. "இங்க வந்து எம்பிராய்டரி ஃபேக்டரில தரை பெருக்கினார். ஆனா அவர் பேரை யாரும் எடுக்கல. சட்டையில தைச்சிருந்தது, இதோ இங்க." தன் இடது நெஞ்சைத் தட்டிக் காட்டினார். "நீ வீட்டுக்குள்ளயே எடுத்துட்ட."

அப்பா கதவைச் சாத்தவில்லை. கைப்பிடியைப் பிடித்தபடி நின்றார். மாடி ஆன்ட்டி அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த விடுபட்ட வரியை அவர் கவனித்திருக்கவில்லை. அவருக்குத் தெரிந்த பலகாரத்தை அவர் ஏன் படித்துப் பார்க்கப் போகிறார்?

பெயர் வந்துவிட்டதால் பொறுப்பும் வந்தது. கிறிஸ்துமஸ் திருப்பலி முடிந்து ஹாலில் பரிமாற நூறு பேஸ்ட்ரி செய்து தரும்படி பங்குத்தந்தை ஜெபக்குழு ஆன்ட்டியைக் கேட்டார். அந்த ஆன்ட்டி, பெட்டியில் வரும் கேக் மாவைத் தவிர வேறெதையும் அடுப்பில் வைத்தவரில்லை. அம்மாவுக்குப் போன் செய்தார். அம்மா போனை என் காதுக்கும் தன் காதுக்கும் நடுவில் பிடித்தாள்.

"ஒரு நாள் வந்து காட்டிட்டுப் போயேன்மா. நீதான நல்லா பண்ணுவ."

"புக்குல எல்லாம் இருக்கே அக்கா. உங்க பேர்லதான் இருக்கு."

நீங்கள் நினைத்துச் சிரித்த அந்த நாள் இதுதான். ஹாலின் நீண்ட மேஜையில் நான்கு அலுமினியத் தட்டுகள். நெய் குளமாக நின்றது. நூறும் வாய் பிளந்து, கொய்யா வழிந்து கறுத்து, தாளோடு ஒட்டிக் கிடந்தன. நீங்கள் அதைச் சுரண்டித் தின்று பல்லில் ஒட்டியதை ஒருவருக்கொருவர் காட்டினீர்கள். நான் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அங்கே வெற்றி இருக்கும் என்று நினைத்தேன். இருந்தது வேறு. தப்பாக எழுதப்பட்ட விடைத்தாளைக் கையில் வாங்கிய ஆசிரியை அப்படித்தான் பார்ப்பாள்.

அப்போது ஜெபக்குழு ஆன்ட்டி, கையில் காபிக் கோப்பையோடு, பங்குத்தந்தையிடம் ஆங்கிலத்தில் சொன்னார்: "இது கியூபன் ரெசிபி ஃபாதர். அவங்க இப்படித்தான் பண்ணுவாங்களாம். எனக்கே பிடிக்கல."

மாடி ஆன்ட்டி மூன்றடி தூரத்தில் நின்றிருந்தார். தாயை இழந்த பிறகு அவருக்கு இரண்டாவது கிறிஸ்துமஸ். கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

அம்மா எடுத்த வரி அடிக்க வேண்டியவரை அடிக்கவில்லை. அது சுற்றிப் போய் அடித்தது மாடி ஆன்ட்டியை. மறுநாள் மத்தியானம் அம்மா பித்தளைக் கரண்டியை ஒரு துணியில் சுற்றிக்கொண்டு படியேறினாள். நானும் போனேன்; அம்மாவுக்கு ஆங்கிலம் தடுமாறினால் எடுத்துக் கொடுக்க. தடுமாறவில்லை.

"அந்த வரியை எடுக்கச் சொன்னது நான். உங்க அம்மாவோட பலகாரத்தைக் கெடுத்தது நான்."

மாடி ஆன்ட்டி துணியைப் பிரித்துக் கரண்டியைக் கையில் எடுத்தார். "என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?" என்றார். "நானும் இன்னொரு வரி எடுத்திருப்பேன்." பிறகு சிரித்தார். அம்மாவும் சிரித்தாள், அழுதாள். கரண்டி அந்த வீட்டிலேயே தங்கியது. மாடி ஆன்ட்டி பின்னால் மயாமிக்குப் போனபோது அதையும் எடுத்துச் சென்றார். இப்போது அது எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. அலையலையாக வெட்டிய ஓரத்தோடு கொய்யாப் பலகாரம் மயாமியில் எங்காவது கண்டால் எனக்குச் சொல்லுங்கள்.

கோயிலில் மட்டும் பேச்சு மாறவில்லை. ஒழுகும் கியூபாப் பலகாரம் என்று அதற்குப் பெயர் நிலைத்தது. இருபது ஆண்டுக்கும் மேல் கழித்து, உங்கள் பதினேழு சிரிப்புகள் வரைக்கும்.

கிரீன் கார்டு வரவில்லை. 2009இல் வங்கி கான்ட்ராக்ட்காரர்களைக் கொத்தாக வேலையை விட்டு அனுப்பியது. அப்பாவின் கோப்பு எந்த மேஜையில் இருந்ததோ, அந்த மேஜையிலேயே இருந்தது. நான்கு பெட்டிகளோடு திரும்பி வந்தோம். அதன் பிறகு, ஒரு செய்திக்காகப் பேசிய குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் இந்தக் கதையைச் சொல்லிச் சட்டம் என்ன என்று கேட்டேன். கோயிலுக்கு இலவசமாக எழுதிக் கொடுத்த ஒரு சமையல் குறிப்பா என்று திரும்பக் கேட்டார். ஆமாம் என்றேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அவர் மீது பிழையில்லை என்பது எனக்குத் தெரியும்.

அப்பா இன்றும் சொல்கிறார்: "அப்ப இருந்த பயம் உனக்குத் தெரியாது."

தெரியும். நானும் அந்த அறையில்தான் இருந்தேன். விசையை அழுத்தியது என் விரல்.

இதை எழுதப் போகிறேன் என்று நேற்று அம்மாவிடம் போனில் சொன்னேன். தூத்துக்குடியில் இருக்கிறாள், மாலையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறாள். பின்னணியில் யாரோ ஒளிவிலகல் விதியை ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள்.

"எல்லாத்தையும் எழுதப் போறியா?"

"எல்லாத்தையும்."

"நான் வரியை எடுத்ததையுமா?"

"அதையும்."

ஒப்பித்த பிள்ளையை மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னாள். பிறகு அம்மா சொன்னாள்: "சரி. காரணத்தையும் சேர்த்துப் போடு. காரணம் இல்லாட்டி அது விதியாகாது. அப்புறம், மிஸஸ் போடாதே."

ஆகவே, படம் போட்டவரும் சிரித்தவர்களும் பேனா எடுத்துக்கொள்ளுங்கள்.

திருத்தம்: முப்பத்தொன்றாம் பக்கத்தில், ஓரத்தை முறுக்கி மடிக்கச் சொல்லும் வரிக்கும் அடுப்பில் வைக்கச் சொல்லும் வரிக்கும் இடையே ஒரு வரி விடுபட்டுள்ளது. 'மடித்தவற்றைத் தட்டோடு ஒரு மணி நேரம் கடுங்குளிரில் வைக்கவும்; நெய் உருகுவதற்கு முன் மாவு வெந்துவிட வேண்டும்' என்று சேர்த்துப் படிக்கவும். மேலும், மாவுக் குறிப்பை எழுதியவரின் பெயர் தவறாக அச்சாகியுள்ளது. எழுதியவர்: அமலோற்பவம், இயற்பியல் ஆசிரியை, தூத்துக்குடி.